பழைய உடையில் உங்களுக்கான பாணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் குடும்பத்துத் தையற்கடை என் தாத்தா காலத்திலிருந்து இருந்து வருகிறது. புதுத்துணி தைக்கத் தருவோர் குறைந்து, பெட்டியிலிருந்து எடுத்த பழைய உடையைப் பிரித்துச் சரிசெய்து தரும்படி கேட்போர் கூடிய பிறகு, கடையின் அந்த வேலையை நான் பார்த்துக் கொள்கிறேன். வருபவர்கள் அளவு கொடுப்பதற்கு முன்பே ஐயங்களைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். புதுச்சேரிக்காரர் கேட்டதையே கடலூரிலிருந்து பேருந்தேறி வருபவரும் கேட்பதால், அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வைத்திருக்கிறேன்.

"பழைய துணி" என்றால் வீட்டில் திட்டுகிறார்கள். "வின்டேஜ்" என்றால் பேசாமல் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

முழுவதும் ஒன்றல்ல. குறைந்தது 20 ஆண்டுகளுக்கு முன் தைக்கப்பட்டு, தன் காலத்தின் துணியையும் வெட்டையும் காட்டும் உடையைத்தான் பொதுவாக வின்டேஜ் என்கிறார்கள். நூறாண்டைக் கடந்தவை அரும்பொருள் கணக்கில் சேரும். சென்ற ஆண்டு வாங்கி இரண்டு முறை உடுத்திய சுடிதார் வெறும் பயன்படுத்திய உடைதான். இன்று தைத்து, 1970களின் பெல்பாட்டம் போல வெட்டப்பட்டது ரெட்ரோ. அது பழையதைப் பார்த்துச் செய்த புதியது.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. திருப்பூர் ஏற்றுமதியில் மிஞ்சிய, சிறு குறைக்காகத் தள்ளப்பட்ட பனியன் துணிகளும் சட்டைகளும் வாரச் சந்தைகளில் குவியலாக வருகின்றன. வெளிநாட்டு லேபிள் இருப்பதால் அவற்றைச் சிலர் வின்டேஜ் என்று கூறி விற்கிறார்கள். அவை நல்ல துணியாக இருக்கலாம், ஆனால் பழையவை அல்ல.

எனக்கென்று ஒரு பாணி இருக்கிறதா என்றே தெரியவில்லை. 60களா, 70களா, 80களா, எதைத் தேர்ந்தெடுப்பது?

எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஒரு பத்தாண்டைத் தேர்ந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் பீரோவை நிரப்பிவிட்டு உடுத்த ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, துவைத்துக் காய்ந்தவுடன் மறுபடியும் உங்கள் கை தானாகத் தேடிப் போகும் மூன்று உடைகளை எடுத்துக் கட்டிலின்மேல் விரித்து வையுங்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எங்கே முடிகிறது, துணி விறைப்பாக நிற்கிறதா உடலோடு விழுகிறதா, கட்டமா பூவா வெறும் நிறமா என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றுக்கும் பொதுவாக வருபவை எவையோ அவையே உங்கள் பாணியின் எலும்பு. அது எந்தக் காலத்து உடையில் கிடைக்கிறது என்பது பிறகு பார்க்க வேண்டியது.

வங்கியில் பணிபுரியும் பெண் ஒருவர் திரைப்படங்களில் பார்த்த பஃப் கை ரவிக்கை வேண்டும் என்று வந்தார். அவர் எடுத்து வந்த மூன்று உடைகளும் முழங்கை வரை கை, வட்டக் கழுத்து, கஞ்சி போட்டது போன்ற விறைப்பான பருத்தி. அவருக்குப் பொருந்தியது, அவருடைய அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்தபோது உடுத்திய கைத்தறிப் புடவைகளும் அவற்றின் ரவிக்கைகளும்தான். பஃப் கையை அவர் ஒரு முறை அணிந்தார். அத்தையின் ரவிக்கையை இந்த ஆண்டே இரண்டாவது முறையாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று: கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நின்று முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி, ஒரு நாள் முழுவதும் உடுத்திப் பேருந்தில் ஏறி, வண்டி ஓட்டி, சமைத்துப் பாருங்கள். மாலையில் அதைக் கழற்றும்போது நிம்மதியாக இருந்தால், அந்த வெட்டு உங்களுக்கானது அன்று.

எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியெல்லாம் இல்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் எங்கே தேடுவது?

புதுச்சேரியில் காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையிலிருந்து எல்லோரும் தொடங்குகிறார்கள். அங்கே புதுத்துணியே மிகுதி. பழையது கிடைப்பது பொறுமையையும் நேரத்தையும் பொறுத்தது. காலையிலேயே போய்விடுங்கள். குவியலைக் கண்ணால் தேடுவதைவிடக் கையால் தேடுவது விரைவானது. பழைய பருத்தியின் மென்மையை விரல் முதலில் கண்டுகொள்ளும்.

ஆனால் நான் கண்ட நல்ல உடைகளில் பெரும்பாலானவை சந்தையிலிருந்து வரவில்லை. வீடு மாற்றும் உறவினர், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துத் தெருத்தெருவாக வருபவர், தைக்கக் கொடுத்தவர் வாங்க வராமல் ஆண்டுக்கணக்கில் தொங்கும் உடைகளை வைத்திருக்கும் தையற்காரர் ஆகிய மூவரையும் கேட்டுப் பாருங்கள். கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் பழைய தையற்கடைகளில் இப்படிக் கேட்டு வாங்கியவர்களை அறிவேன். கேட்பதற்கு ஏற்ற காலம் போகிக்கு முந்தைய இரண்டு வாரங்கள். அப்போதுதான் பரண்மேல் இருந்தவை கீழே இறங்கும். ஒரு வாரம் தாமதித்தால் அவை நெருப்புக்குப் போய்விடும்.

இந்த வெயிலுக்கும் புழுக்கத்திற்கும் எந்தப் பழைய துணி தாங்கும்?

பருத்திதான், அதிலும் நம் வட்டாரத்துப் பருத்தி. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்றது. பல ஆண்டுகள் துவைத்து இளகிய பழைய கைலியின் கட்டத்துணிக்கு இணையான கோடைத்துணியை நான் கடைகளில் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழ் தேய்ந்து போன கைலியின் மேற்பகுதியில் அரைக்கைச் சட்டையோ குட்டைப் பாவாடையோ தாராளமாக வெட்டலாம். 1960, 70களின் வாயில் (voile) புடவைகளும் நல்லவை, மெல்லியவை; ஆனால் ஆணியில் ஒரு முறை மாட்டினாலே கிழிந்துவிடும்.

புதுச்சேரி ஆலைத்துணி கிடைத்தால் விடாதீர்கள். 1898இல் தொடங்கி ஊரார் வாயில் ரோடியர் மில் என்றே நிலைத்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுதேசி மில், பாரதி மில் என மூன்று பஞ்சாலைகள் இவ்வூரின் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. வேலைநேரத்திற்கும் கூலிக்கும் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டதை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அந்த ஆலைகள் இப்போது ஓடவில்லை. ஆலை முத்திரை ஓரத்தில் மங்கித் தெரியும் படுக்கை விரிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதில் தைத்த மேற்சட்டையைத்தான் மே மாதம் முழுவதும் அணிகிறேன்.

டெரிலின், நைலக்ஸ் போன்ற செயற்கை இழைத் துணிகள் நிறம் மங்காமல், சுருங்காமல் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதுபோல இருக்கும். அதனாலேயே கண்ணை இழுக்கும். வியர்வையை உறிஞ்சாது என்பதால் அவற்றை மார்கழி, தை மாதங்களுக்கோ குளிரூட்டிய அறைக்கோ வைத்துக் கொள்ளுங்கள்.

"சுத்தப் பட்டு", "சுத்தக் காட்டன்" என்று விற்பவர் சொல்கிறார். எப்படி நம்புவது?

உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி, தட்டின்மேல் பிடித்து, தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரிவது போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மெதுவாகச் சுருண்டு, முடி கருகிய நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கருமணியை விட்டுச் செல்லும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும். ஆறியபின் நசுக்க முடியாத கெட்டி மணியாகும். டெரிகாட்டன் போன்ற கலப்பில் இரண்டும் சேர்ந்து தெரியும். பாவும் ஊடையும் வேறுவேறாக இருக்கலாம் என்பதால் நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக நூல் எடுங்கள். விற்பவர் அனுமதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சந்தையில் ஒரு முறை நேர்ந்த சண்டைக்குப் பிறகு சொல்கிறேன்.

எந்தக் காலத்துச் சட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊர் உடைகளில் பெரும்பாலானவை தைத்து வாங்கியவை என்பதால் நிறுவன லேபிளைவிடத் தையற்காரர் லேபிளே சான்று. அதில் ஊர்ப்பெயர் அச்சிட்டிருக்கும் விதத்தைப் படியுங்கள். தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்ட பிறகே கடலூர் மாவட்டம் பிறந்தது, ஆகவே "தெ.ஆ. மாவட்டம்" என்றிருந்தால் லேபிள் அதற்கு முந்தையது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரிக்கு 605, கடலூருக்கு 607 என்று தொடங்கும் ஆறிலக்க எண் இருந்தால் அதற்குப் பிந்தையது. "மதராஸ் மாநிலம்" என்றிருந்தால் 1969க்கு முற்பட்டதாகக் கொள்ளலாம். கம்பளி உடையில் வுல்மார்க் முத்திரை இருந்தால் 1964க்குப் பிந்தையது. பட்டில் சில்க் மார்க் இருந்தால் 2004க்குப் பிந்தையது, அதாவது முதல் பதிலில் கூறிய 20 ஆண்டு எல்லையில்தான் நிற்கிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எங்கள் கடையிலேயே மொத்தமாக அச்சிட்ட லேபிள்கள் தீரும்வரை, மாவட்டம் பிரிந்து வெகுநாள் கழித்தும் பழையதையே வைத்துத் தைத்தோம். லேபிள் சொல்வதைக் காலரின் அகலம், ஜிப் வைத்ததா பட்டன் வைத்ததா என்பது, காஜா கையால் கட்டியதா எந்திரத்தில் கட்டியதா என்பது ஆகியவற்றோடு ஒத்துப் பாருங்கள்.

பாரிஸிலிருந்து மாமா அனுப்பிய பெட்டியில் பழைய கோட்டுகளும் கவுன்களும் இருக்கின்றன. 40 என்று போட்டிருக்கிறது, எனக்குச் சரியாக வருமா?

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1962இல் சட்டப்படி முடிவான பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இங்கே பல. சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பப் பெட்டிகளில் இத்தகைய உடைகள் அடிக்கடி வருகின்றன. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பிரான்சின் 40ஐ நம் தையற்காரரின் 40 அங்குலம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் அளவெண் மாறியிருக்கிறது.

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் உடை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள், இடுப்பு, நீளம் என நான்கு அளவை எடுத்துக் கைபேசியில் குறித்து வையுங்கள். பழைய உடையையும் அப்படியே விரித்து அளந்து ஒப்பிடுங்கள். பெரியதைச் சிறியதாக்குவது எளிது. சிறியதைப் பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்க வேண்டும். நம் தையற்காரர்கள் ரவிக்கையில் தாராளமாக விடுவார்கள், வெளிநாட்டு ஆயத்த உடையில் அது அரிது. தோள் பொருந்தவில்லையென்றால் வாங்க வேண்டாம். தோளைப் பிரிப்பது வீட்டின் அடித்தளத்தைத் தோண்டுவதற்குச் சமம். கூலியும் உடையின் விலையைத் தாண்டிவிடும்.

பெட்டி வாடையும் பழைய கறையும் போகவே இல்லை. என்ன செய்வது?

முதலில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் மூன்று நான்கு நாள் தொங்கவிடுங்கள். பாதி வாடை அதிலேயே போய்விடும். வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் கறை இருந்தால் சோப்பு நீரில் அலசி ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயில் வெளுத்துவிடும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். இரண்டும் வெள்ளைத் துணிக்கு மட்டுமே. பட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் போதும். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பட்டிலோ கம்பளியிலோ படவிடாதீர்கள். அது இழையையே அரித்துக் கரைத்துவிடும்.

சாயம் விடும் துணியைக் கண்டு அஞ்ச வேண்டாம், தனியாகத் துவைத்தால் போதும். நீலி (அவுரிச் சாயம்) தோய்த்த துணி தோலில்கூட ஒட்டும். இவ்வூரிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக நீலத்துணி செனகலுக்குப் போய், அங்கே பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. சாயம் ஒட்டுகிறதே என்று யாரும் அதை மறுத்ததாகத் தெரியவில்லை.

ட்ரைகிளீனிங்குக்குக் கொடுக்குமுன் பொத்தானையும் மணியையும் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பொத்தான்களில் சில வகைகள் அந்தக் கரைப்பானில் இளகிவிடும். ஓரிடத்தில் நான் கொடுத்த 60களின் கோட்டு, ஒட்டி உருகிய ஆறு பொத்தான்களோடு திரும்பி வந்தது. இப்போது எல்லாப் பொத்தான்களையும் கழற்றிவிட்டே கொடுக்கிறேன்.

கடற்கரைப் பக்கம் வீடு. பீரோவில் வைத்தாலே பூஞ்சை பிடிக்கிறது, ஜரிகை கறுக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே புகும் ஈரம்தான் பூஞ்சைக்குக் காரணம். பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. ஆகவே துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், வெள்ளிமீன் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. பொங்கல் கழிந்து காற்று உலர்ந்ததும் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் ஆற்றி, மடிப்பை மாற்றி மடியுங்கள். பட்டு கிழிவது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மாறாத மடிப்புக் கோட்டில்தான்.

ஜரிகையில் வெள்ளி இருப்பதால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் அது கறுக்கிறது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது அதை விரைவுபடுத்தும். அந்துருண்டையை ஜரிகை மேலோ துணி மேலோ நேரடியாக வைக்க வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு வேப்பிலையோ வசம்போ வைப்பது நல்லது. அந்துருண்டையின் ஆவி ஏறிய துணியால், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு.

ஆண்களுக்கு இதில் என்ன இருக்கிறது? சஃபாரி தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சஃபாரியின் மேற்சட்டையை மட்டும் தனியாக, இன்றைய கால்சட்டையோடு அணிந்து பாருங்கள்; நான்கு பைகளும் பயன்படும். தாத்தாவின் அரைக்கை வெள்ளைச் சட்டை, கட்டக் கைலியில் தைத்த சட்டை, மெல்லிய கரை வேட்டி ஆகியவற்றைத் தாண்டி நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. பெரிய காலர் முகம் ஒடுங்கியவர்களுக்கு நன்றாக இருக்கும்.

பழைய உடையை அணிந்தால் மாறுவேடப் போட்டிக்கு வந்தது போல இருக்கிறது என்று தோழிகள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்கள் சில நேரம் சரியாகத்தான் சிரிக்கிறார்கள். புடவை, ரவிக்கை, கொண்டை, கண்ணாடி, கைப்பை என எல்லாவற்றையும் ஒரே காலத்திலிருந்து எடுத்தால் அது வேடம்தான். புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்துப் பகுதியான வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களின் முன் ஒளிப்படத்திற்காக அப்படி உடுத்தி நிற்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். ஒரு மணி நேரத்திற்கு அது அழகு. அதையே உடுத்திக் கொண்டு ரேஷன் கடைக்குப் போக முடியாது.

தலையிலிருந்து கால் வரை ஒன்று மட்டும் பழையதாக இருக்கட்டும். மற்றவை நீங்கள் நேற்றும் அணிந்தவையாக இருக்கட்டும். அத்தையின் கைத்தறிப் புடவைக்கு உங்கள் வழக்கமான செருப்பும் வழக்கமான பின்னலும் போதும். பொருத்தமும் முக்கியம்: பிறருடைய உடலுக்கு வெட்டிய உடை தொளதொளவென்று நின்றால் எவ்வளவு அரியதானாலும் இரவல் வாங்கியதாகவே தெரியும். இடுப்பில் ஒரு டாட் (துணியை மடித்துப் பிடிக்கும் தையல்), கையில் ஓர் அங்குலக் குறைப்பு, இவ்வளவில் அந்தத் தோற்றம் மாறிவிடும். அதன்பின் ஒரே உடையைப் பத்து முறை அணியுங்கள். மூன்றாவது முறைக்கு மேல் தோழிகள் அதை உங்கள் உடையாகப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

எங்கள் ஆயா தவறிப் போய்விட்டார். அவருடைய புடவையைக் கட்ட ஆசை, ஆனால் வீட்டில் ஆகாது என்கிறார்கள்.

இதற்குத் தையற்காரியாக மட்டும் பதில் சொல்ல முடியாது. சில குடும்பங்களில் இறந்தவரின் துணிகளைக் கொடுத்துவிடுவது வழக்கம், சிலவற்றில் ஒன்றிரண்டை மகள்களும் பேத்திகளும் வைத்துக் கொள்வது வழக்கம். தடுப்பவர் நம்பிக்கையால் தடுக்கிறாரா, அந்தப் புடவையை வேறொருவர் உடலில் பார்க்கத் தாங்காமல் தடுக்கிறாரா என்பதை முதலில் அறிந்து கொள்ளுங்கள். இரண்டாவதே காரணமாக இருப்பதை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முதல் ஆண்டுத் திவசம் முடியும்வரை புடவையைக் கேட்காமல், கெடாமல் மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். ஆற்றி மடிப்பு மாற்றும் வேலையை நீங்களே ஏற்றுக் கொண்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். பிறகு விசேஷ நாளாக இல்லாத ஒரு நாளில், வீட்டுக்குள்ளேயே முதன்முறை கட்டுங்கள். அம்மாவோ பெரியம்மாவோ கொசுவத்தைச் சரிசெய்ய வந்தால் அனுமதி கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். வரவில்லையென்றால் மடித்து வைத்துவிட்டு இன்னும் பொறுத்திருங்கள்.

சிறு வயதில் வசதியில்லாமல் அடுத்தவர் துணியை உடுத்தி வளர்ந்தேன். அதையே இப்போது "ஸ்டைல்" என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது.

உறுத்துவதில் நியாயம் இருக்கிறது. தையற்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தும், பெரியப்பா மகளுக்குச் சிறியதாகிப்போன பள்ளிச் சீருடையைத்தான் நானும் அணிந்தேன். பாவாடையின் ஓரத்தைப் பிரித்து இறக்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும். வகுப்பில் எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று ஐந்து ஆண்டுகள் நினைத்துக் கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் உடுத்துவதும் பத்து உடைகள் இருக்க இதைத் தேர்ந்து உடுத்துவதும் துணி ஒன்றே ஆனாலும் வேறுவேறு செயல்கள். பழைய உடை உங்களுக்கு அந்த நாள்களை நினைவூட்டினால் அதை அணிந்தே ஆக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இரண்டாம் கேள்விக்குச் சொன்ன மூன்று உடைச் சோதனையைப் புதிய உடைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

விருப்பத்தால் தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தையில் பழைய துணிக் குவியலின் முன் உங்களோடு நிற்பவர்களில் சிலர் வேலைக்குப் போட்டுக் கொள்ள ஒரு சட்டை தேடி வந்தவர்கள். உறுதியான, வெறுமையான, நல்ல நிலையிலுள்ள சட்டைகளை அவர்களுக்கு விட்டுவிட்டு, விசித்திரமான காலரையும் பழுது பார்க்க வேண்டியதையும் நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். விலையை அடித்துப் பேசுவதையும் அளவோடு வைத்துக் கொள்ளலாம்.

பழைய காஞ்சிப் பட்டை வெட்டி கவுனோ சுடிதாரோ தைத்துத் தருவீர்களா?

பெரும்பாலும் "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவேன். வெட்டாத புடவையை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்; வெட்டியதை ஒட்ட முடியாது. இருபத்திரண்டு வயதில், எங்கள் வீட்டு ஒன்பது கஜம் ஒன்றை ஒரு திருமணத்திற்காகக் கவுனாக வெட்டினேன். ஒரே முறை அணிந்தேன். அதன் முந்தானை பிறகு தலையணை உறையாயிற்று.

முதலில் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடல்பகுதி மடிப்புக்கு மடிப்பு வெடித்து, கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால் தயங்காமல் வெட்டலாம். அந்தக் கரையை வேறு பருத்திப் புடவையிலோ தாவணியிலோ வைத்துத் தைத்தால் நெடுங்காலம் உழைக்கும். உடலும் நன்றாக இருந்தால் புடவையாகவே கட்டுங்கள். ஒன்பது கஜம் நீளம் மிகுதி என்றால் மூன்று கஜத்தை மட்டும் பிரித்து ரவிக்கைக்கும் துப்பட்டாவுக்கும் எடுத்துக் கொள்வது நடுவழி. கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்புறம் திருப்பிப் பாருங்கள். தனித்தனி நாடாவால் (ஊடை நூலைக் கொண்டு செல்லும் தறிக் கருவி) நெய்து கோத்த கோர்வையாக இருந்தால், அது இருவர் சேர்ந்து தறியில் செய்த வேலை. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கத்தரிக்கோலை வைக்க எனக்குக் கை வருவதில்லை.

தெருவில் "பழைய பட்டுப் புடவை வாங்குவோம்" என்று வருபவர்கள் தேடுவது ஜரிகையிலுள்ள வெள்ளியைத்தான். விற்பது உங்கள் விருப்பம், ஆனால் சோதித்துவிட்டு விற்கலாம். ஜரிகை நூலின் மேற்சுற்றை நகத்தால் பிரித்தால், அசல் ஜரிகையில் நடுவே சிவப்புப் பட்டு நூல் தெரிவது வழக்கம்; போலியில் பருத்தியோ செயற்கை நூலோ இருக்கும்.

ஆசை ஆசையாக வாங்குகிறேன். பீரோ நிரம்பிவிட்டது, உடுத்துவதோ பழைய நைட்டிதான். என் பாணி என்னவாயிற்று?

நீங்கள் வாங்குபவை உங்களுக்காக அல்லாமல் அவற்றின் அழகுக்காக வாங்கப்பட்டவை. அழகான பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்ற இரக்கமும் அதில் கலந்திருக்கிறது. எனக்கும் அந்த நோய் உண்டு. இதற்கு நான் கண்டுபிடித்த வழி மிக எளியது. ஒவ்வொரு பழைய உடையையும் அணிந்து முடித்ததும் அதன் கொக்கியிலோ காஜாவிலோ ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளிக்குள் நூல் ஏறாதவை தனியே போகும். அவற்றில் பொருந்தாதவற்றைப் பொருந்துபவருக்குக் கொடுத்துவிடலாம், கிழிந்தவற்றின் பொத்தானையும் கரையையும் எடுத்துக் கொள்ளலாம், சிறு பழுதால் அணியாமல் நின்றவற்றை அந்த வாரமே தையற்காரரிடம் கொடுத்துவிடலாம். அது முடியும்வரை புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

நைட்டியை இழிவாக எண்ண வேண்டாம், அதையும் இரண்டாம் கேள்வியில் சொன்ன தாளில் எழுதுங்கள். அகலமான கழுத்து, தொளதொளப்பு, மெல்லிய பருத்தி, ஒரு பை என்று வந்தால், நீங்கள் தேட வேண்டியது இறுக்கமான 60களின் ரவிக்கை அன்று. சென்ற தீபாவளிக்கு என் பீரோவில் நூலில்லாமல் நின்றவை பதினொன்று. அவற்றில் ஏழு, நான் எழுதி வைத்திருக்கும் தாளுக்கு நேர்மாறானவை. மீதி நான்கிற்கு ஒரு கொக்கிதான் குறைவாக இருந்தது.